தொடை அளவு

மேலே இரும்பு விழுந்தது. கீழே வெட்டுமேசையில் கிடந்த சாக்பீஸ் துள்ளி அடங்கியது.

தையல்கடைக்கு நேர் மேலே ஜிம். அது வந்த நாளிலிருந்து டெய்லருக்கும் அதற்கும் ஆகாது. காலையில் அவர் ஷட்டரைத் தூக்கும்போதே மேலே தடதடவென்று ஆரம்பித்துவிடும். மின்விசிறி ஆடும், கண்ணாடி பீரோ கிலுகிலுக்கும். ஊசியில் நூல் கோக்கும் நேரம் பார்த்து எவனாவது எடையைப் பொத்தென்று போடுவான். டெய்லர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகக் கூரையைப் பார்த்து, "போடு ராசா, போடு. கூரை பிஞ்சு நீயும் சேர்ந்து விழுந்தீன்னா அப்படியே அளவெடுத்துக்கிறேன்" என்பார். ஜிம்முக்கு வருகிற பையன்கள்தான் கடைக்கு நல்ல வாடிக்கை என்பது வேறு கதை. சட்டைக் கையைப் பிரித்துவிடச் சொல்லி வந்துகொண்டே இருப்பார்கள். "கை பெருத்துக்கிட்டே போகுது சரி, புத்தி எந்த அளவுல நிக்குது?" என்று கேட்டுக்கொண்டே பிரித்துக் கொடுப்பார்.

அன்றைக்கு அவர் கூரையைப் பார்க்கவில்லை. மேசையில் துணி விரித்தபடி கிடந்தது. கையில் கத்தரி இருந்தது. வெட்டத்தான் மனம் வரவில்லை.

விடியற்காலையில் அவர் மனைவி குளியலறையில் விழுந்துவிட்டாள்.

அடி பெரிதாக இல்லை. போன வருஷம் பக்கவாதம் வந்து போனதிலிருந்து அவளுடைய இடது கால் சொன்ன பேச்சு கேட்பதில்லை. சுவரைப் பிடித்தபடி சரிந்து, ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான். விழுந்தது பெரிதல்ல, எழுப்பமுடியாமல் போனதுதான் பெரிது. டெய்லர் அவள் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார். ஒரு சாண் எழுந்தாள். அவருடைய முழங்கால் வெடவெடத்தது. மறுபடி உட்கார்ந்துவிட்டாள். முன்னால் நின்று இழுத்தார். பின்னால் போய் அணைத்துத் தூக்கினார். கடைசியில் அவரும் பொத்தென்று அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க, நீங்களும் குளிக்க வந்துட்டீங்களா?" என்றாள் அவள்.

சிரிக்கவைக்கத்தான் சொன்னாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்து என்ன செய்யவேண்டியிருக்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. அவள்மேல் ஒரு துண்டைப் போர்த்தி, சுவரைப் பிடித்து எழுந்துபோய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். அப்பனும் மகனுமாக இரண்டு ஆம்பளைகள் வந்தார்கள். கண்ணைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கமாக அவளைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். நல்ல மனிதர்கள். ஒரு வார்த்தை அதிகம் பேசவில்லை. அவர்கள் போன பிறகு அவள் துண்டின் நுனியை இறுகப் பிடித்தபடி வெகுநேரம் குனிந்தே இருந்தாள்.

விஷயம் வெளியூரில் இருக்கும் மகளுக்குப் போய்விட்டது. எதிர்வீட்டம்மாவுக்கு வாயில் எதுவும் நிற்காது. கடை திறப்பதற்குள் மகளிடமிருந்து போன் வந்தது.

"அப்பா, நான் முடிவு பண்ணிட்டேன். கீழ்த்தளத்துல அம்மாவுக்குன்னு ஒரு ரூம் கட்டுறேன். கட்டி முடிஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். பார்த்துக்க ஒரு ஆள் போடுறேன்."

"நான்?"

"நீங்களும் வாங்க. கடையை விட்டுட்டு வருவீங்களா, சொல்லுங்க?"

அவர் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார்.

"கோவிச்சுக்காதீங்கப்பா. அம்மா விழுந்தா தூக்கிவிட ஒரு ஆள் வேணும்ல?"

ஆள் வேணும்ல. அந்தச் சொல்தான் கத்தரியைப் பிடித்த கையில் வந்து உட்கார்ந்துகொண்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வீட்டில் ஆள் அவர்தான். அலமாரியை நகர்த்தியது அவர், தண்ணீர்த் தொட்டியை மாடிக்கு ஏற்றியது அவர். இன்றைக்கு ஒற்றைநாடிப் பெண்பிள்ளையைத் தூக்க முடியவில்லை.

டெய்லர் எழுந்தார். மூலையில் துணிக்கட்டு ஒன்று கிடந்தது. முன்பெல்லாம் அதை விளையாட்டாகத் தோளில் போடுவார். சுற்றுமுற்றும் பார்த்தார். குனிந்து, இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இழு.

இடுப்பில் என்னவோ 'விண்' என்றது.

கொஞ்ச நேரம் கழித்து, ஜிம்காரம்மா அறுந்த ஜிப்போடு ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்தபோது, டெய்லர் வெட்டுமேசைமேல் மல்லாந்து கிடந்தார். மேலே ஜிம்மை நடத்துகிற அவளுக்கு நாற்பத்தைந்து வயது. ஒருகாலத்தில் பளுதூக்கும் போட்டிகளுக்குப் போனவள். எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்னண்ணே, இன்னைக்கு உங்களையே வெட்டித் தைக்கப்போறீங்களா?"

"சத்தம் போடாதம்மா. முதுகு பிடிச்சிருச்சு."

அவள் சிரிப்பை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்தாள். கால்விரலை ஆட்டச் சொன்னாள். மரத்துப்போகிறதா என்று கேட்டாள். முழங்காலை மடக்கிவைத்து, தலைக்கு ஒரு துணியைச் சுருட்டிவைத்தாள். பிறகு மூலையில் கிடந்த கட்டைப் பார்த்தாள்.

"இதையா தூக்கினீங்க? எப்படி?"

"எப்படின்னா? குனிஞ்சு தூக்கினேன்."

"தூக்க வேண்டியது காலு. நீங்க பாவம் முதுகைப் போட்டு வதைச்சிருக்கீங்க."

"காலுக்கு என்ன குறைச்சல்? பொழுதன்னிக்கும் மிஷின் மிதிச்ச காலும்மா இது."

"மிதிச்சது பாதம்ண்ணே. தொடை சும்மா உட்கார்ந்துதானே இருந்துச்சு?"

கூரையைப் பார்த்தபடியே படுத்திருந்தவர், கூரையிடம் சொல்வதுபோலக் குளியலறைக் கதையைச் சொல்லிமுடித்தார். துண்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அந்த இடம் வந்தபோது மாஸ்டரும் எதுவும் கேட்காமல் ஜிப்பை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வலி மட்டுப்பட்டதும் அவரை ஸ்டூலில் உட்காரவைத்தாள். "கையைக் கட்டிக்கிட்டு எழுந்திருங்க பார்ப்போம்."

அவர் எழப்பார்த்தார். கை தானாகவே மிஷின் விளிம்பைத் தேடிப் போனது. "கை கூடாது" என்றாள். மறுபடி எழப்பார்த்தார். அரைவாசி எழுந்து ஸ்டூலிலேயே விழுந்தார். எத்தனையோ வருஷமாகத் தான் மிஷினைப் பிடித்துத்தான் எழுந்துகொண்டிருப்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"வயசாச்சும்மா" என்றார்.

"வயசானா தசை கரையும்தான். சும்மா விட்டா வேகமா கரையும், வேலை வச்சா திரும்ப வரும். எழுபதுலயும் வரும். பேன்ட் தொடைகிட்ட லூஸ் ஆயிடுச்சா?"

டெய்லருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "யார்கிட்ட என்ன கேக்கிற? என் பேன்ட் இன்னைக்கும் கல்யாணத்துல போட்ட மாதிரி நிக்கும், பாரு."

அவள் பார்த்தாள். உண்மையிலேயே கச்சிதமாகத்தான் நின்றது. "சரிண்ணே. முதுகு சரியாகட்டும். டாக்டர்கிட்ட பிரஷரைப் பார்த்து, ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு மேல வாங்க."

"நானா? மேலயா?" என்றார் டெய்லர்.

அவள் போனபிறகு அந்தக் கேள்வி அவரை விடவில்லை. பேன்ட் லூஸ் ஆயிடுச்சா? மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மாற்றுக்கு வைத்திருந்த பேன்ட்டை உள்வெளியாகப் புரட்டி மேசையில் போட்டார்.

தொடைப்பக்கம் உள்ளே தையலுக்குப் பக்கத்தில் தையல், அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஒவ்வொன்றும் நூல்கனம் உள்வாங்கி, நேராக, அழகாக ஓடியிருந்தது. எல்லாம் அவர் கை வேலை. ஒவ்வொன்றையும் போட்டது நினைவில் இருந்தது. தீயாய் வேலை நடக்கும் நாளில், லேசாகத் தொளதொளக்கிறதே என்று கழற்றி, ஒரு ஓட்டு ஓட்டிப் போட்டுக்கொண்டு போவார். துணி தொய்ந்துவிட்டது என்று துணிக்காரனைத் திட்டுவார். தொய்ந்தது துணியல்ல. ஊரில் மற்றவனுக்கெல்லாம் உடம்பு இளைத்தால் பேன்ட்டே காட்டிக்கொடுத்துவிடும். இவர் மட்டும்தான் பேன்ட்டின் வாயையும் சேர்த்துத் தைத்துவைத்திருந்தார்.

டேப்பை எடுத்துத் தொடையைச் சுற்றினார். பார்த்தார். யாரோ வாடிக்கையாளருடைய அளவு மாதிரி இருந்தது.

விடிகாலையில் பையன்கள் வருவதற்குமுன் ஜிம்மில் வயசாளிகள் நேரம். முதுகு சரியாகி, டாக்டரிடமும் கேட்டுக்கொண்டு டெய்லர் படியேறி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வாய்யா டெய்லர்! கூரையைப் பார்த்துத் திட்டினவன் கூரைமேலயே ஏறி வந்துட்டான் பாருங்கய்யா!"

பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். டிரைவர் என்றே பெயர். தொப்பையைத் தாங்கிக்கொண்டு ஒரு இரும்புக் குண்டை மார்போடு அணைத்து, உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தார்.

"நீ இங்க என்னய்யா பண்ற?" என்றார் டெய்லர்.

"பேத்தி தரையில உட்கார்ந்து விளையாடக் கூப்பிட்டா. உட்கார்ந்துட்டேன். எழுப்ப கிரேன்தான் வரலை. அதான் வந்தேன். நீ?"

"சும்மாதான்."

"சும்மா யாரும் இங்க வரமாட்டான். சரி விடு. உரலுக்குள்ள தலையை விட்டாச்சு, உலக்கைக்குப் பயந்தா ஆகுமா? வா."

முதல் நாள் மாஸ்டர் அவருக்கு இரும்பையே காட்டவில்லை. உயரமான பெஞ்சு ஒன்றைக் காட்டினாள். உட்காரு, எழு. அவ்வளவுதான். "பின்னால கதவை இடுப்பாலயே சாத்துற மாதிரி தள்ளுங்க. மார்பு நிமிரட்டும். எழும்போது மூச்சை விடுங்க. பிடிச்சுவச்சா பிரஷர் எகிறும்."

"இதுக்கா மாடியேறி வந்தேன்? இதை எங்க வீட்டு நாற்காலியிலயே செய்வேனே."

"செய்யலையேண்ணே" என்றாள் மாஸ்டர்.

மறுநாள் தொடை இரண்டும் யாரோ உலக்கையால் இடித்ததுபோல இருந்தது. வீட்டு வாசற்படியில் இறங்கும்போது பின்பக்கமாகத் திரும்பி, ஏணியில் இறங்குவதுபோல இறங்கினார். மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நேத்து கடைக்குத்தான போனீங்க? இல்ல, யாராவது கட்டிவச்சு அடிச்சாங்களா?"

"ஜிம்முக்குப் போறேன்."

அவள் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். சாயங்காலம் அவருக்கு முன்னால் அவித்த முட்டையும் ஒரு கிண்ணம் பருப்பும் வந்து உட்கார்ந்தன. மாஸ்டர்தான் சொல்லியிருந்தாள், டீயையும் பிஸ்கட்டையும் நம்பினால் தசை வராது என்று. அது எப்படி இவள் காதுக்கு வந்ததோ.

"இந்த வயசுல முட்டையா?"

"பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்குக் கொடுக்கிறதுதானே" என்றாள் அவள்.

டெய்லருக்கு அவசரம். தினம் போனார். ஒருநாள் மாஸ்டர் வாசலிலேயே மறித்தாள். "இன்னைக்கு வரக்கூடாது. நாளைக்கு வாங்க."

"அங்க மகள் ரூம் கட்டுறா. சுவர் எழும்பிருச்சு. நீ என்னடான்னா ஓய்வெடுங்கற."

"துணியை நனைச்சா என்ன பண்ணுவீங்க?"

"காயப்போடுவேன்."

"ஈரத்தோட வெட்டுவீங்களா?"

"எவன் வெட்டுவான்? அளவு கெட்டுப்போகும்."

"உடம்பும் அப்படித்தாண்ணே. வேலை செய்யற அன்னைக்கு நனையுது. ஓய்வுலதான் பதத்துக்கு வரும். போய்க் கடையைத் திறங்க."

அதிலிருந்து அவர் வாதாடவில்லை. தொழில் பாஷையில் சொன்னால் அவருக்குப் புரிந்துவிடும். பெஞ்சின் உயரம் மெதுவாகக் குறைந்தது. கையில் சின்னக் குண்டு வந்தது, அப்புறம் பெரிய குண்டு. தரையில் கிடக்கும் கம்பியை எடுக்கக் கற்றுக்கொண்டார். கம்பி காலை ஒட்டியே ஏறவேண்டும், முதுகு இழைத்த பலகைபோல இருக்கவேண்டும். ஒருநாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்துவிட்டுக் கண் இருட்டிக்கொண்டு வர, டிரைவர்தான் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். "கியரை மாத்தாம மேடு ஏத்துறியே. மூச்சை விடுய்யா, மூச்சை விடு!" ஒருநாள் கம்பியை இறக்கும்போது கைதவறிப் பொத்தென்று விழுந்தது. டெய்லர் சட்டென்று கீழே பார்த்தார். கீழே அவருடைய கடையில் சாக்பீஸ் துள்ளியிருக்கும். டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

இவ்வளவும் நடக்கும்போது ஒருநாள் அவர் மனைவி கேட்டாள்.

"எல்லாம் சரிங்க. நீங்க மட்டும் பலம் ஏத்திக்கிட்டா போதுமா? நான் என்ன மூட்டையா, வந்து தூக்கிட்டுப் போக?"

டெய்லர் அதை மாஸ்டரிடம் சொன்னார். மாஸ்டர் தொடையில் தட்டிக்கொண்டாள். "அக்கா சொன்னதுதான் பாயின்ட்டு. கம்பிக்கு உயிர் இல்ல, சும்மா வரும். மனுஷங்களை அப்படியே தூக்கினா உங்களுக்கும் உடையும், அவங்களுக்கும் உடையும். நான் வீட்டுக்கு வர்றேன்."

வந்தாள். முதலில் நாற்காலியைப் பிடித்தபடி அந்தம்மாவை உட்காரவைத்து எழுப்பினாள். இடது காலுக்குத் தனி வேலை கொடுத்தாள். பிறகு தரையில் பாய் விரித்து, மூன்று பேருமாக விழுந்து எழுந்து பழகினார்கள். ஒருக்களித்துத் திரும்பணும், முழங்கையை ஊனணும், மண்டி போடணும், நாற்காலியைப் பிடிக்கணும், நல்ல காலை முன்னால் வைக்கணும், அப்புறம்தான் அவர் தூக்கணும். எதிர்வீட்டம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "என்னக்கா, வீட்ல என்ன காணாமப்போச்சு?" என்று கேட்டாள்.

"இவரு தொடையைத் தேடுறோம்" என்றாள் டெய்லர் மனைவி.

ஒரு குறை மட்டும் இருந்தது. பிடிக்க இடமில்லை. கக்கத்தில் பிடித்தால் அவளுக்குத் தோள் வலித்தது. கையை இழுக்கவே கூடாது என்று மாஸ்டர் சொல்லிவிட்டாள். "இடுப்புல பட்டையா ஏதாவது இருந்தா நல்லது" என்றாள். டெய்லர் நேராகக் கடைக்குப் போனார். பை தைக்கிற முரட்டுத் துணியில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டினார். உள்ளே மெத்தென்று ஒட்டுத்துணி கொடுத்து, இரண்டு பக்கமும் கைநுழையக் காது வைத்து, ஒவ்வொரு காதையும் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்தார். மேலே ஜிம்முக்கு எடுத்துப்போய், காதில் இரும்புக்கம்பியைக் கோத்துத் தொங்கவிட்டுப் பார்த்தார். ஒரு நூல் அசையவில்லை. மனைவி இடுப்பில் கட்டிப்பார்த்துவிட்டு, "சாக்கு கலரா கிடைச்சுது?" என்றாள். மறுநாளே அதற்குமேல் நீலத்தில் ஒரு உறை வந்தது.

அறை கட்டி முடிந்து வண்ணமும் அடித்தாயிற்று. மகள் காரோடு வந்தாள். வந்ததும் வராததுமாக அம்மாவின் துணிமணிகளை எடுத்துப் பையில் அடுக்க ஆரம்பித்தாள்.

டெய்லர் அன்றைக்கு நல்ல பேன்ட் போட்டிருந்தார். தொடையில் இறுகிப் பிடித்தது. பிரித்துவிடலாம் என்று இரண்டு வாரமாக நினைக்கிறார். ஆனால் அந்த இறுக்கம் அவருக்குப் பிடித்திருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "இங்க பாரு கண்ணு..." என்று ஆரம்பித்தார்.

"அப்பா, போன்ல பேசினதையே மறுபடி பேசவேண்டாம். ஜிம்முக்குப் போறீங்க, சந்தோஷம். அது உங்க உடம்புக்கு நல்லது. அம்மா விஷயம் வேற."

பேச்சில் மகளை அவர் என்றைக்கும் ஜெயித்ததில்லை.

அப்போது அவர் மனைவி நாற்காலியை விட்டு எழுந்தாள். நீலப் பட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டாள். கூடத்தின் நடுவில் வந்து, அங்கே கிடந்த இன்னொரு நாற்காலியின் முதுகைப் பிடித்து, மண்டியிட்டு, ஒருக்களித்து, மெதுவாகத் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"அம்மா!" மகள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"நீ தள்ளி நில்லுடி. என்னங்க, நான் விழுந்துட்டேன். வாங்க."

டெய்லர் வந்தார். அவசரப்படவில்லை. நாற்காலியை அவளுக்கு முன்னால் நகர்த்திவைத்தார். அவள் திரும்பினாள், முழங்கையை ஊன்றினாள், மண்டி போட்டாள், நல்ல காலை முன்னால் வைத்தாள். அவர் அவள் பின்னால் போய்க் காலை அகட்டி, இடுப்பைத் தள்ளி இறங்கினார். இரண்டு கையும் காதுகளுக்குள் நுழைந்தன. அவள் முதுகு அவர் மார்பில் ஒட்டியிருந்தது.

"சொல்லு" என்றார்.

"எழுவோம்" என்றாள்.

மூச்சை விட்டார். தரை அவர் பாதத்தைத் திருப்பித் தள்ளியதுபோல இருந்தது. நடுவழியில் ஒரு நொடி, அந்தக் குளியலறையில் முழங்கால் வெடவெடத்த அதே உயரத்தில், அவருக்குப் பயம் எட்டிப்பார்த்தது. அந்த இடத்தைத் தொடை தாண்டிப் போயிற்று. அவள் நேராக நின்றாள். அதே நேரத்தில் அவருக்குப் பின்னால் 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம்.

மூன்று பேரும் அசையவில்லை.

"என்னங்க அது?" என்றாள் மனைவி, திரும்பாமல்.

டெய்லர் ஒரு கையைப் பின்னால் விட்டுத் தடவிப்பார்த்தார். "ஒண்ணுமில்ல. பேன்ட்டு. தொடையில இருந்து மேல வரைக்கும் போயிருச்சு."

மகள்தான் முதலில் சிரித்தாள். சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்தபோது கண்ணைத் துடைப்பது மட்டும் நிற்கவில்லை.

"சரிப்பா. இன்னைக்குத் தூக்கிட்டீங்க. ஒருநாள் உங்களாலயும் முடியாம போச்சுன்னா?"

"முடியாம போற அன்னைக்கு நானே உனக்குப் போன் பண்றேன். எதிர்வீட்டுக் கதவைத் தட்ட மாட்டேன், உனக்குத்தான் பண்ணுவேன். அதுவரைக்கும் உங்கம்மா இங்க இருக்கட்டும்."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். எதையும் பிடிக்காமல்தான் நின்றாள்.

"ரூம் கட்டினது வீணாப்போகுதேன்னு பாக்குறியா?" என்றாள் அவள். "போகாது. லீவுக்கு வந்து ரெண்டு பேரும் தங்குறோம். இப்ப அந்தப் பையிலிருந்து என் துணியை எடுத்து வை. மடிச்சிருக்கிற லட்சணத்தைப் பாரு, டெய்லர் பொண்ணுன்னு வெளியில சொல்லிக்காதே."

மறுநாள் கடையில் அந்தப் பேன்ட் உள்வெளியாக மேசையில் கிடந்தது. டெய்லர் கத்தரி நுனியால் பிரிக்க ஆரம்பித்தார். கிழிந்தது போக மிச்சமிருந்த முதல் வரிசை, அடுத்த வரிசை, அதற்கடுத்தது. நூல் பிசிர் பிசிராக வந்தது. அடியில் முதன்முதலாகப் பிடித்த வரிசை ஒன்று இருந்தது. டேப்பை எடுத்துத் தொடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அதை மட்டும் பிரிக்காமல் விட்டார். அதற்கு இன்னும் கொஞ்சம் நாள் போகவேண்டும்.

மேலே இரும்பு விழுந்தது. சாக்பீஸ் துள்ளியது. யார் என்று சத்தத்தை வைத்தே தெரிந்தது.

டெய்லர் கண்ணாடிக்கு மேலாகக் கூரையைப் பார்த்தார்.

"யோவ் டிரைவரு! மூச்சை விட்டுக்கிட்டு இறக்குய்யா!"